ராஜகம்பீரத்தில் நிற்கும் கத்தி

பொய்யனை முகத்துக்கு நேரே பொய்யன் என்று சொல்லிவிட்டால் அவன் வாய் அடைத்துப்போகும் என்று நினைக்கிறவர்கள் சேவுகனைப் பார்த்ததில்லை. காயாம்பு பார்த்திருக்கிறார். நாற்பது வருசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சேவுகன் அவர் பெண்டாட்டியின் அண்ணன். அது போதாதென்று சேவுகனின் மகளையே தன் மகன் சோணைக்குக் கட்டிவைத்து, மச்சானாக இருந்தவனைச் சம்பந்தியாகவும் ஆக்கிக்கொண்டார். பெண் தங்கமான பெண். அவளோடு அவள் அப்பனின் வாயும் சீராக வந்து இறங்கியதுதான் குறை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில், மானாமதுரைக்குக் கிழக்கே கண்மாய்க்கரைக் கருப்பணசாமி கோயிலில், சோணையின் மகனுக்கு முதல் மொட்டை. கல்யாணமாகி ஏழு வருசம் கழித்துப் பிறந்த பிள்ளை. நல்ல நேரம் ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரைக்கும் என்று காலண்டரில் போட்டிருந்தது. அதை விட்டால் அடுத்து ராகு காலம். மணி ஒன்பதரை ஆகிவிட்டது. பிள்ளையின் தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தாயிற்று. முடி இறக்கும் பூமிநாதன் புது பிளேடைப் பாதியாக ஒடித்துக் கத்தியில் மாட்டிக்கொண்டு குந்தியிருந்தார். ஆனால் ஒரு முடிகூட இறங்கவில்லை. காரணம் சேவுகன்.

முதல் மொட்டை தாய்மாமன் மடியில்தான் இறங்கவேண்டும். தாய்மாமன், அதாவது சேவுகனின் மகன், மலேசியாவில் லீவு கிடைக்காமல் மாட்டிக்கொண்டான். மகனுக்குப் பதில் அப்பன் வந்து வேப்பமரத்தடியில் மணையில் உட்கார்ந்தான். தோளில் மகன் அனுப்பிய சரிகைத் துண்டு. அந்தத் துண்டை நெய்த மூன்று பேருக்குக் கண் அவிந்துபோய்விட்டது, சரிகை அவ்வளவு பொடி என்று வந்தவர்களுக்கெல்லாம் ஒரு சுற்றுச் சொல்லி முடித்தான். பிள்ளையை மடியில் வாங்கி இடது தோளில் சாய்த்துக்கொண்டான். விடியற்காலையில் எழுப்பிக் குளிப்பாட்டிய பிள்ளை, சாய்த்ததும் தூங்கிவிட்டது. பூமிநாதன் பக்கத்தில் நகர்ந்ததும் கையை நீட்டித் தடுத்தான்.

"எம்பேரன் தலையில பெட்டிக்கடை பிளேடு படக்கூடாது. நான் தனியாச் சொல்லிச் செஞ்ச சவரக்கத்தி திருப்பாச்சேத்தியிலேர்ந்து வந்துக்கிட்டே இருக்கு. அது வந்தப்புறம்தான் மொட்டை."

காயாம்பு கோயில் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். இந்த 'வந்துக்கிட்டே இருக்கு' அவருக்குப் புதிதில்லை.

முப்பத்தி நாலு வருசத்துக்கு முன்னால், இதே வேப்பமரம், இதே மணை. சோணை ஒரு வயசுப் பிள்ளையாக இதே சேவுகன் மடியில் இருந்தான். அன்றைக்கு வெள்ளிப் பூண் போட்ட சவரக்கத்தி ஒன்று வந்துகொண்டே இருந்தது. அது வந்துகொண்டே இருந்ததில் நல்ல நேரம் போனது, ராகு காலம் வந்தது, முடி இறக்க வந்தவர் அடுத்த கோயிலுக்குப் போய்விட்டார். கடைசியில் உச்சி வெயிலில், வழியே போன எவரையோ கூப்பிட்டு, மழுங்கின கத்தியால் மொட்டை போட்டதில் சோணையின் காதுக்கு மேலே வெட்டு விழுந்தது. இன்றைக்கும் அந்த இடத்தில் முடி முளைப்பதில்லை. சோணை பத்தாம் வகுப்பில் மூன்று தடவை தவறியது, வைத்த டீக்கடை ஆறு மாசத்தில் மூடியது, ஏழு வருசம் பிள்ளை இல்லாமல் போனது, எல்லாவற்றையும் காயாம்பு அந்த ராகு காலத்தின் தலையில்தான் எழுதி வைத்திருந்தார். வெள்ளிப் பூண் கத்தி என்ன ஆச்சு என்று மறுநாள் கேட்டதற்கு, கூர் அதிகம் என்று மதுரையில் போலீஸ் பிடித்து வைத்துக்கொண்டதாகச் சேவுகன் சொன்னான். சொல்லிவிட்டு இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறும் தின்றான்.

அந்தச் சோறு காயாம்புவுக்கு இன்னும் செரிக்கவில்லை. மகனுக்கு நடந்தது பேரனுக்கும் நடந்தால், இருக்கிற மிச்ச நாளில் அவர் எந்தக் கோயிலில் போய் நிற்பது.

"மச்சான், மணி ஒன்பதே முக்கால் ஆகப்போகுது," என்றார்.

சேவுகன் போனை எடுத்துக் காதில் வைத்தான். "எங்கப்பா வர்றீக? ராஜகம்பீரம் ஊருக்குள்ளயா? சரி சரி, மெல்லவே வாங்க. கத்தி பத்திரம்." போனை மடியில் வைத்தான். அதன் முகம் கரிச்சட்டி மாதிரி இருண்டு கிடந்ததைக் காயாம்பு பார்த்தார். அதில் சார்ஜ் இல்லாமல் நேற்று ராத்திரியிலிருந்தே செத்துக்கிடக்கிறது என்று பெண்டாட்டி ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

மருமகள் பஞ்சவர்ணம் மஞ்சள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். பிள்ளையின் முடி மண்ணில் விழாமல் ஏந்துவதற்கான துணி. குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

"மாமா, கத்தி ஒண்ணும் வராது. போன மாசம் நான் அந்தத் திருப்பாச்சேத்திப் பட்டறைக்காரரைச் சந்தையில பாத்தேன். கத்தி வேணும்னு அய்யா போனது நெசந்தானாம். எப்படி இருக்கணும்னு சொல்ல ஆரம்பிச்சு மூணு நாளு போய்ப் போய்ச் சொன்னாராம். இன்னும் சொல்லி முடிக்கலையாம். சொல்லி முடிச்சாத்தானே தாயி செய்ய ஆரம்பிக்க முடியும்னு அவரு என்னையக் கேக்குறாரு."

மகளே இப்படிச் சொன்னபிறகு யோசிக்க என்ன இருக்கிறது. பிள்ளையைப் பிடுங்கி வேறு மடியில் வைக்கலாம். வைத்தால் தாய்மாமன் மடி இல்லாத மொட்டை என்று சாமி குற்றம் ஆகிவிடும். சேவுகனை அதட்டலாம். அதட்டினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவான், முறுக்குக்கு அவனிடம் குறைச்சல் இல்லை. மடியும் அவனுடையதாக இருக்கவேண்டும், முடியும் பத்தேகாலுக்குள் இறங்கவேண்டும்.

அந்த நேரத்தில் காயாம்புவின் பங்காளி வெள்ளைக்கண்ணு, வெற்றிலையை மென்றுகொண்டு வந்து, "என்ன மச்சான், இந்தத் தடவையும் போலீசு பிடிச்சுக்கிருச்சா?" என்று கேட்டார்.

கேட்டதும் சேவுகனின் கழுத்து கதவு மாதிரி அவர் பக்கம் திரும்பியது. கண் சிவந்தது. கை ஆகாயத்தில் ஏறியது. "போலீசா? போலீசுக்கே கத்தி வேணும்னா எங்கிட்டத்தான் வருவாய்ங்க," என்று ஆரம்பித்தான். அப்போது, பூசைக்குக் கட்டியிருந்த கிடாய், கயிறு எட்டும் மட்டும் வந்து, சேவுகனின் கழுத்தில் கிடந்த ரோஜா மாலையை மறுபக்கத்திலிருந்து தின்ன ஆரம்பித்தது. ஒரு முழம் தின்றது. இரண்டு முழம் தின்றது. நாரை இழுத்து மென்றது. சேவுகனுக்குத் தெரியவே இல்லை.

காயாம்பு கிடாயைப் பார்த்தார். பிள்ளையின் தலையைப் பார்த்தார். பூமிநாதனைப் பார்த்தார். பூமிநாதன் முப்பது வருசமாகத் தூங்குகிற பிள்ளைகளுக்கு முடி இறக்குகிறவர். சொல்லாமலே விளங்கிக்கொண்டு, சேவுகனின் இடது முதுகுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். பஞ்சவர்ணம் கிடாயை இழுத்துக் கட்டிவிட்டு வந்து துணியை விரித்தாள். காயாம்பு வலது பக்கம் போய்ச் சம்மணம் போட்டார். நாற்பது வருசமாக அவர் இந்த மனிதனை நக்கல் செய்துகொண்டிருப்பது வீண் போகவில்லை என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தோன்றியது.

"எனக்கு ஒரு சந்தேகம் மச்சான். சவரக்கத்திய அருவா அடிக்கிற பட்டறையில எந்தக் கிறுக்கனாச்சும் சொல்லிச் செய்வானா?"

"அங்கதான் மாப்ள இருக்கு சூட்சுமம்." சேவுகனின் கழுத்து முழுசாக வலப்பக்கம் வந்தது. "சவரக்கத்தி அடிக்கிறவனுக்குச் சவரம் மட்டும்தான் தெரியும். எனக்கு வேண்டியது அருவாளோட ரோசம் உள்ள சவரக்கத்தி. பட்டறைக்காரன் லாரி வில்லுப்பட்டை ஒண்ணக் கொண்டாந்து போட்டான். தூக்கி எறிஞ்சேன். நேரா தொண்டிக்குப் போனேன். கடல்ல நாலு பனை ஆழத்துல வெள்ளைக்காரன் காலத்து நங்கூரம் கிடக்கு. ஒரே மூச்சுல இறங்கி, அதைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு மேல வந்தேன்."

"கண்மாயில முழங்காலுக்கு மேல தண்ணின்னா கரையிலயே நின்னுக்கிருவியே," என்றார் வெள்ளைக்கண்ணு.

"அது நல்ல தண்ணி. எனக்கு உப்புத் தண்ணியிலதான் நீச்சலு."

பூமிநாதனின் கத்தி பிள்ளையின் பிடரியில் முதல் கோடு போட்டது. ஒரு கொத்து முடி சத்தமில்லாமல் மஞ்சள் துணியில் விழுந்தது. காயாம்புவின் பெண்டாட்டி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இரும்பு வந்தாச்சு. படம் போட்டுக் காட்டணும்ல? தாள்ல போட்டேன், தாளு கிழிஞ்சிருச்சு. சுவத்துல போட்டேன், சுவரு விரிஞ்சிருச்சு. கடைசியா வைகை மணல்ல விரலால ஒரு கோடு போட்டேன். கத்தி இல்ல மாப்ள, கத்தியோட படம். மேச்சலுக்குப் போன ஆட்டு மந்தை அதை மிதிச்சிருச்சு. அன்னைக்கு ரெண்டாப் பிளந்ததுதான் ஆட்டுக் குளம்பு. நம்பிக்கை இல்லேன்னா அந்தா நிக்கிற கிடாயோட காலப் பாரு."

"ஆட்டுக்கு ஆதியிலேர்ந்தே குளம்பு பிளந்துதான்யா இருக்கு," என்றார் காயாம்பு.

"அது மத்த ஆடு. நான் சொல்றது இந்தக் கிடாயோட வகையறா."

கூட்டம் சேர ஆரம்பித்தது. அடுப்படியில் இருந்தவர்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள். ஆள் சேரச் சேரச் சேவுகனுக்குக் குரல் தடித்தது. கத்தியின் பிடிக்கு வந்தான். மான் கொம்பு, மாட்டுக் கொம்பு எல்லாம் பட்டறைக்காரன் காட்டினானாம். எதுவும் இவன் விரலுக்கு ஒத்துவரவில்லையாம். பிறகு ஒரு குட்டிச் செம்மறியைப் பிடித்து, கொம்பு முளைக்கிற நாளிலிருந்து தினமும் காலையில் ஒரு மணி நேரம் அதன் கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றானாம். இரண்டு வருசத்தில் கொம்பு இவன் அஞ்சு விரலும் பதியிற பள்ளத்தோடு வளர்ந்துவிட்டதாம்.

"அறுத்தெடுத்தாச்சு. ஆனா அந்த ஆடு இன்னைக்கும் விடிஞ்சா எவன் கையையாச்சும் தேடிக்கிட்டு தெருத் தெருவா அலையுது, பாவம்."

"ரெண்டு வருசம் ஆட்டுக் கொம்பப் பிடிச்சுக்கிட்டு நின்னீகளா? அதுதான் மச்சான் நீங்க சொன்னதுல நம்புற மாதிரி இருக்கு. வேற வேலை உங்களுக்கு என்ன?" என்றார் காயாம்பு.

எல்லோரும் சிரித்தார்கள். சேவுகனும் சிரித்தான். சிரித்த அசைவில் பிள்ளையின் தலை ஆடியது. பூமிநாதன் கத்தியை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு கடவுளே என்று மேலே பார்த்தார். பிறகு மறுபடி குனிந்தார். பின்தலையும் ஒரு பக்கமும் வெளுத்துவிட்டது. மணி பத்து.

"நெருப்பு. அத விட்டுட்டேனே. வேலிக் கருவக் கரியெல்லாம் அந்த நங்கூரத்துக்குக் கொசுக்கடி. இடி விழுந்த பனை ஒண்ணைத் தேடிப் பிடிச்சு, அதைக் கரியாக்கி மூட்டினோம். அந்த நெருப்பு எரிஞ்ச மூணு நாளும் அந்தத் தெருவுல எவளும் அடுப்புப் பத்த வைக்கல. உலைப்பானைய வாசல்ல வச்சாப் போதும், சோறு தானா வெந்துச்சு. நாலாம் நாளு கத்தி பழுத்துச்சு. தண்ணியில முக்கணும். தொட்டித் தண்ணி பத்துமா? வைகையில அப்ப ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டுத் தண்ணி ஓடுது. இடுக்கியில பிடிச்சு ஒரே முக்கு. சொய்ங்ன்னுச்சு. அம்புட்டுத்தான். ஆறு காலி. மணலு மட்டும் கிடக்கு. வைகையில தண்ணி இல்லன்னு அவன் விடல இவன் விடலன்னு ஊரே கத்துது. காரணம் நான்தான். வெளிய சொல்லிக்கல."

காயாம்புவுக்கு அலுத்துவிட்டது. எத்தனை நேரம்தான் குறுக்கே விழுந்துகொண்டிருப்பது. கொஞ்சம் ஒத்து ஊதினால் தானாக ஓடுவான் என்று நினைத்து, வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார்.

"இருக்கலாம் மச்சான்," என்றார்.

சேவுகன் நின்றுவிட்டான். நாற்பது வருசத்தில் அந்த வாயிலிருந்து அவன் கேட்காத சொல். ஒருமாதிரியாகக் காயாம்புவைப் பார்த்தான். "என்ன மாப்ள, ஒடம்புக்கு முடியலையா?" என்றான். மறுக்க ஆள் இல்லாத சேவுகனுக்குப் பேச ஒன்றும் இல்லை. முகம் இளகி, பேரன் பக்கம் மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. வலது கை பிள்ளையின் தலையைத் தடவுவதற்காக எழுந்தது.

பூமிநாதனின் கத்தி பாதியில் நின்றது. பஞ்சவர்ணம் மட்டும் அசராமல், பக்கத்தில் இருந்தவள் கையிலிருந்த டீ டம்ளரைப் பிடுங்கி, எழுந்த கையில் வைத்தாள்.

"அய்யா, டீ. சூடா இருக்கு, சிந்திராதீக."

"ஆறு வத்தினதுக்குக் காரணம் உங்க வாயா இருக்கலாம்னு சொன்னேன்," என்று காயாம்பு அவசரமாகக் குரலை உயர்த்தினார். "கத்தியச் சொல்லல. வைகை வத்தினது எங்க அப்பா காலத்துல. அப்ப நீங்க மூக்கு ஒழுகிக்கிட்டுக் கோவணத்தோட திரிஞ்சீக. கத்தி முக்கினாராம், ஆறு வத்துச்சாம். கேக்குறவன் கேனையனா இருந்தா கண்மாய்க்குள்ள கப்பல் போகுதும்பீக."

சேவுகனின் கழுத்து கதவு மாதிரி மறுபடி திரும்பியது. அவன் முகத்தில் பழைய தெளிவு வந்தது. பஞ்சவர்ணம், "கழுத்து வலிக்கும் பிள்ளைக்கு," என்று முனகிக்கொண்டே குழந்தையின் கன்னத்தை மறுபக்கம் திருப்பிச் சாய்த்தாள். தலையின் இன்னொரு பாதி வெளியே வந்தது. பூமிநாதன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"கோவணத்தோட திரிஞ்சாலும் கத்திய அப்பவே நெனைச்சு வச்சிட்டேன்யா," என்றான் சேவுகன். டம்ளரோடு கை ஆகாயத்துக்குப் போனது, டீ வெள்ளைக்கண்ணுவின் வேட்டியில் விழுந்தது. "தீட்டினேன் பாரு, அதச் சொன்னா நீ வேட்டிய விட்டுட்டு ஓடிருவ. சாணைக்கல்லு பத்தல. ஒரு குன்றையே வச்சுத் தீட்டினோம். குன்று தேஞ்சு கூழாங்கல்லு ஆயிருச்சு, அது எம்மடியிலதான் இருக்கு, வெத்தலப் பையில. அப்புறம் தோல்வார்ல மூணு நாளு இழுத்தோம். மூணாம் நாளு விடியக்காலம், பக்கத்து வீட்டுச் சேவலு கூவுச்சு. கத்தி குறுக்க இருக்கு. 'கொக்கரக்' மட்டும்தான் எங்களுக்குக் கேட்டுச்சு. 'கோ' மறுநாளுதான் வந்துச்சு."

"ஒரு நாளு அது எங்க தங்கியிருந்துச்சு?" என்று கரண்டிக்காரர் கேட்டார்.

"அந்தச் சேவலத்தான் கேக்கணும்." சேவுகன் அதற்கெல்லாம் நிற்கவில்லை. "சரி, ஆளு வச்சுப் பாக்கணும்ல. பட்டறைக்காரனையே உக்கார வச்சேன். கிடா மீசை அவனுக்கு. கத்திய விரிச்சேன். அவன் மேல படல. கத்தியோட நெழலுதான் பட்டுச்சு. மீசை மடியில கிடக்கு. அது கூடப் பெருசு இல்ல மாப்ள. வீட்டுக்குப் போனா அவன் பொண்டாட்டி அழுதுக்கிட்டு நிக்கிறா. சுவத்துல மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவுலயும் மீசையக் காணோம்."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். வெள்ளைக்கண்ணு வேட்டியை உதறியபடி, "போட்டோவுல எப்படிய்யா போகும்?" என்றார். அவருக்கு உண்மையாகவே கோபம் வந்திருந்தது.

"மத்த கத்தி முடிய எடுக்கும். என் கத்தி அந்த முடி முளைச்ச நாளையே எடுத்துரும்."

இந்த நாய் இவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறதே என்று காயாம்புவுக்கு எரிச்சல் வந்தது. உச்சந்தலையில் ஒரு கைப்பிடி முடி பாக்கி இருந்தது. கோயில் கடிகாரத்தில் பத்து பத்து.

"அவ்வளவு கூரு உள்ள கத்தி, ஒன்பது மணிக்கு வரவேண்டியது ஏன் வரல? போன தடவை மாதிரித்தானே?"

"போன தடவைக் கத்தி வேற. அத விடு." இந்த ஒரு இடத்தில் மட்டும் அவன் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. உடனே ஏறிக்கொண்டது. "இத பஸ்ஸுல ஏத்தினா ரெண்டு பஸ்ஸா வரும். மாட்டு வண்டியில, ஈர வைக்கோல்ல பொதிஞ்சு வருது. கூரு மேல பாத்து இருக்கணும். கீழ பாத்துச்சுன்னா ரோடு பிளந்துரும்."

"மேல பாத்தா?"

"அதான் மாப்ள, ரெண்டு நாளா மேகமெல்லாம் துண்டு துண்டாப் போகுது. நீ மேல பாக்கிறதே இல்ல. எம்மேல குத்தம் கண்டுபிடிக்கவே உனக்கு நேரம் சரியாப்போகுது."

எல்லோரும் ஆகாயத்தைப் பார்த்தார்கள். மேகம் துண்டு துண்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது. காயாம்பு மட்டும் பார்க்கவில்லை. பூமிநாதன் கடைசிக் கொத்தை எடுத்து, கத்தியை மடக்கி, இரண்டு கையையும் கூப்பிச் சாமியைப் பார்த்துக் கும்பிட்டார். ஒரு கீறல் இல்லை. மணி பத்து பன்னிரண்டு. காயாம்புவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை அவர் துண்டால் துடைக்காமல், கொட்டாவி விட்டது மாதிரி காட்டிச் சமாளித்தார்.

பஞ்சவர்ணம் மொட்டைத் தலையில் சந்தனத்தை அப்பினாள். சந்தனம் குளிர்ந்ததும் பிள்ளை விழித்து வீல் என்று அழுதது. "அட எங்கய்யா, எங்கய்யா," என்று சேவுகன் பழக்கத்தில் தலையைத் தடவினான். கை வழுக்கிக்கொண்டு போனது. கையைப் பார்த்தான். மஞ்சளாகச் சந்தனம். பிள்ளையைப் பார்த்தான். மகள் கையில் துணியில் குவிந்திருந்த முடியைப் பார்த்தான். பூமிநாதனை, கிடாயை, தன் கழுத்தில் மிஞ்சியிருந்த மாலை நாரைப் பார்த்தான். கடைசியில் காயாம்புவைப் பார்த்தான்.

அழுத பிள்ளைகூட நிறுத்திவிட்டு அவன் வாயையே பார்த்தது. முப்பத்தி நாலு வருசமாகக் காயாம்பு காத்திருந்தது இதற்காகத்தான். இந்த வாய் ஒரு தடவை திறந்து, திறந்தபடியே நிற்கவேண்டும். அவ்வளவுதான் அவர் கருப்பனிடம் கேட்டது.

மூன்று மூச்சு நேரம் நின்றது. அதற்குமேல் கருப்பனாலும் முடியவில்லை.

"பாத்தியா மாப்ள," என்றான் சேவுகன். குரல் அமைதியாக இருந்தது. "கத்தி இன்னும் ராஜகம்பீரம் கேட்டுலதான் நிக்குது. ரயிலு போறதுக்காக நிறுத்தியிருக்காய்ங்க. அங்க நின்னுக்கிட்டே இங்க வேலைய முடிச்சிருச்சு."

கோயிலே அதிரச் சிரித்தார்கள். கரண்டிக்காரர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக்கண்ணு கோபத்தை மறந்து மூக்கில் வெற்றிலைச்சாறு ஏறச் சிரித்தார். சோணைகூடச் சிரித்தான், காதுக்கு மேலே தழும்போடு. காயாம்புவின் பெண்டாட்டி தன் அண்ணனைப் பெருமையாகப் பார்த்தாள். காயாம்புவுக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. நல்ல நேரம் அவருக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் இந்தப் பேச்சு சேவுகனுக்குப் போய்விட்டது. இனி கல்யாணம், காதுகுத்து, கருமாதி எங்கே போனாலும் ராஜகம்பீரத்தில் நின்ற கத்தி கூடவே வந்து நிற்கும். பூமிநாதனின் பாதி பிளேடை எவனும் பேசமாட்டான்.

பூமிநாதனே அதைக் கிளப்பினார். அவருக்கு அடுத்த பார்ட்டி காத்திருந்தது. மொட்டை முடிந்ததும் முடி இறக்கினவருக்குத் தாய்மாமன் வீட்டில் வேட்டி, துண்டு வைத்துக் கொடுக்கவேண்டும். அது வழமை.

"அய்யா," என்றார் பணிவாக. "வேட்டி துண்டு எனக்கா, இல்ல ராஜகம்பீரத்துல நிக்கிறதுக்குக் கொடுத்துவிடுறீகளா?"

சேவுகன் அசரவில்லை. வழமையை மறந்து வெறுங்கையோடு வந்தவன் என்று எவரும் சொல்லமுடியாத முகத்தோடு, "உனக்குத்தான்யா. பட்டு வேட்டி, காஞ்சிபுரத்துல சொல்லி நெய்றாய்ங்க. வந்துக்கிட்டே இருக்கு," என்றான்.

காயாம்பு எழுந்தார். சேவுகனின் தோளில் கிடந்த சரிகைத் துண்டை, மூன்று பேர் கண் அவிந்து நெய்த அந்தத் துண்டை, மெல்ல உருவி, உதறி, இரண்டாக மடித்துப் பூமிநாதனின் தோளில் போட்டார்.

"வந்துருச்சு," என்றார்.